வைக்கோலுக்கு விலை போடாத கணக்கு

குறுவை நெல் அறுப்பு முடிந்ததும் காவிரி டெல்டாவில் கேட்கிற முதல் கேள்வி, "மாவுக்கு என்ன கண்டுமுதல்?" என்பதுதான். மா என்பது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு, கண்டுமுதல் என்பது விளைந்து கைக்கு வந்த நெல். ஒரு மூட்டை விளைய என்ன செலவாச்சு என்று யாரும் கேட்பதில்லை. கண்டுமுதல் கூடினால் லாபமும் கூடும் என்பது பாதிதான் உண்மை. இன்னும் ஒரு மூட்டைக்கு ஆசைப்பட்டுக் கூடுதலாக வீசிய யூரியா, பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியை அழைத்து வரும், மருந்துச் செலவு பின்னாலேயே வரும்.

பெரிய தவறு, கையிலிருந்து போன பணத்தை மட்டும் செலவு என்று எழுதுவது. சொந்த நிலத்துக்கு வரவேண்டிய குத்தகை, வீட்டு ஆள் வயலில் நின்ற நாள்கூலி, எதுவும் நோட்டில் ஏறாது. வரவிலும் இதே கோளாறுதான். நெல் மட்டும் வரவு, வைக்கோல் சும்மா வந்தது!

மாடு வைத்திருப்பவருக்கு அது சும்மா அல்ல. அறுவடை மிஷின் வேகமாக அறுத்துத் தரும், கூலி மிச்சம், சரி. ஆனால் வைக்கோல் நசுங்கிச் சிதறிப் போகும். ஈர வயலில் கிடந்து ஒரு மழை பட்டால் மக்கிவிடும். கட்டுக் கட்ட இன்னொரு மிஷின், அதற்குத் தனி வாடகை. சம்பா, தாளடி நெல் போகங்களின் அறுப்புக்குச் சில நாள் முன்பு ஈரத்தில் விதைக்கிற உளுந்தும் பயறும் மிஷின் சக்கரத்தில் நசுங்கும். அறுத்த பிறகு விதைத்தால் ஈரம் காய்ந்து முளைப்பு குறையும். ஆள் வைத்து அறுப்பதற்கும் மிஷினுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கிறவர் கூலியோடு நிறுத்திக்கொள்ளாமல், கோடையில் மாட்டுக்கு வைக்கோல் என்ன விலைக்கு வாங்கப்போகிறார், உளுந்தில் எவ்வளவு போகும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தும் மிஷினே மேல் என்று வரலாம், ஆள் கிடைக்காத ஊரில் பெரும்பாலும் அப்படித்தான் வரும்.

மாடு வாங்கும்போது, "நாளுக்கு எத்தனை லிட்டர்?" என்று கேட்டுவிட்டு, அதை 365 நாளால் பெருக்குகிறார்கள். அந்த லிட்டர் கன்று போட்ட முதல் இரண்டு மாதத்துக் கதை. நாளுக்குச் சராசரி 6 லிட்டர், 300 நாள் கறவை என்று வைத்துக்கொள்வோம்: 1,800 லிட்டர். 13 மாதத்துக்கு ஒரு கன்று போட்டால், அந்த 13 மாதத்துக்கும் பகிர்ந்து பார்த்தால் நாளுக்குச் சுமார் 4.6 லிட்டர் விழும். 16 மாதமாக இழுத்தால் 3.7தான். தீவனம் தினமும் வேண்டும். மாடு சினைக்கு வரும் ஒரு பருவம் தவறினால் அடுத்தது 21 நாள் கழித்துத்தான். ஆகவே, சினை ஊசிக்கு ஒரு நாள் அலட்சியம் என்பது புண்ணாக்கு மூட்டையைவிடப் பெரிய செலவு.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பயிர் மூழ்கி வடிந்த பிறகு, "இவ்வளவு போட்டாச்சு, விடக்கூடாது" என்று மறுபடி உரம் போடுவது அடுத்த தவறு. போட்டது போனதுதான். இனி போடப்போவது எவ்வளவு, இனி வரப்போவது எவ்வளவு, இந்த இரண்டு மட்டுமே பார்க்க வேண்டியவை. இளம்பயிர் தூர் கட்டித் தேறும் என்றால் போடலாம். கதிர் வந்த பயிர் அழுகியிருந்தால், கையிலிருக்கும் பணத்தை அடுத்த பட்டத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது.

அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் காத்திருந்து விற்பதா, களத்திலேயே வியாபாரிக்குக் கொடுப்பதா என்பதிலும் மூட்டை விலை மட்டும் போதாது. நிலையம் கேட்கும் 17 சதவீத ஈரப்பதத்துக்குக் காய வைக்கும் கூலி, தார்ப்பாய், காவல், மழை பயம், நகைக்கடன் வட்டி எல்லாம் உண்டு. இரண்டு நாளில் எடை போட்டால் நிலையம்தான் லாபம். பத்து நாள் இழுத்தால் யோசிக்க வேண்டும்.

பயிர்க் காப்பீட்டை வருமானமாக எழுதி வைத்துக் கடன் வாங்காதீர்கள். மகசூல் இழப்பை ஊர் அளவில்தான் பார்ப்பார்கள், உங்கள் வயல் மட்டும் குறைந்தால் அதற்குப் பணம் வராது. அதற்காகப் பிரீமியம் கட்டாமலும் விடாதீர்கள். சம்பாவுக்கு விவசாயி பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். கடைசித் தேதி நவம்பர் நடுவில் வருவது வழக்கம். அந்த வாரம், என்ன பயிர் வைத்திருக்கிறோம் என்பதற்கான அடங்கல் சான்று வாங்க வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) அலுவலகத்தில் கூட்டம் தாங்காது, ஐப்பசி தொடக்கத்திலேயே போய்விடுங்கள்.