மேற்கு ஜெர்மன் ஜாடி வாங்குமுன் கவிழ்த்துப் பாருங்கள்

1950களிலிருந்து 70கள் வரை மேற்கு ஜெர்மனியில் செய்த செராமிக் பூ ஜாடிகளைச் சேர்க்க ஆசையா? எதைக் கையில் எடுத்தாலும் முதலில் கவிழ்த்துப் பாருங்கள். பல ஜாடிகளில் கம்பெனி பெயரே இருக்காது, 'டபிள்யூ. ஜெர்மனி' என்ற எழுத்தும் இரண்டு எண்களும்தான் இருக்கும். 242-22 என்றால் 242 வடிவத்தின் எண், 22 சென்டிமீட்டரில் உயரம். இது ஷாய்ரிஷ் கம்பெனியின் ஜாடி. மைன் ஆற்றங்கரையில் கிளைன்ஹொய்பாக் என்ற ஊரில் இருக்கும் இந்தக் கம்பெனி அப்போது ஏராளமாகச் செய்து குவித்ததால் இன்றும் எளிதாகக் கிடைக்கும், புதிதாகச் சேர்ப்பவர்கள் இதிலேயே தொடங்கலாம். பே, கார்ஸ்டென்ஸ், ரூஷா மாதிரியான மற்ற கம்பெனிகள் எல்லாம் அப்புறம். மற்றவர்களும் இதே மாதிரி எண் போட்டிருப்பதால் எண்ணை மட்டும் நம்பாமல் வடிவத்தையும் மண்ணின் நிறத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

பலரும் தேடுவது 'ஃபேட் லாவா' வகையை. கிளேஸில், அதாவது ஜாடி மேல் பூசிச் சுடும் கண்ணாடி போன்ற பூச்சில், சிலிக்கான் கார்பைடு கலந்து சுட்டால் சூளையில் வாயு கிளம்பி, தடித்த பூச்சு கொப்பளித்து வெடித்துக் குழிகுழியாக இறுகிவிடும். ஆரஞ்சு மேல் கறுப்பு லாவா வழிந்து நிற்கும் ஜாடியை ஒரு தடவை தடவிப் பார்த்தால் விட மனசு வராது! ஆனால் இந்தக் கரடுமுரடில் சேதம் சுலபமாக ஒளிந்துகொள்ளும். விளிம்பு முழுக்க நகத்தை ஓட்டுங்கள்: கூர்மையாக உறுத்தி உள்ளே வெறும் மண் தெரிந்தால் அது உடைசல், குழிக்குள்ளும் கிளேஸ் இருந்தால் சூளையிலேயே வந்தது, கவலை வேண்டாம். விரல் முட்டியால் தட்டும்போது சத்தம் மந்தமாக இருந்தால் எங்கோ விரிசல் இருக்கலாம். பூசி மறைத்த இடங்களைப் பெரும்பாலும் புற ஊதா டார்ச் காட்டிக்கொடுத்துவிடும். ஆன்லைனில் வாங்கினால் அடிப்பக்கத்துக்கும் விளிம்புக்கும் தனித்தனி படம் கேளுங்கள், தராதவரிடம் வாங்காதீர்கள்.

வீட்டில் வைக்கும்போது எல்லாவற்றையும் ஒரே ஷெல்ஃபில் அடைக்க வேண்டாம். ஒரே நிறக் குடும்பத்தில் மூன்று, உயரம் வேறுவேறாக, பின்னால் வெற்றுச் சுவர், அவ்வளவு போதும். விளக்கு பக்கவாட்டில் இருக்கட்டும், நேர் வெளிச்சத்தில் லாவா தட்டையாகத் தெரியும். தரையில் நிற்கும் 40, 50 சென்டிமீட்டர் ஜாடிக்குள் ஒரு பை மணல் போட்டுவிட்டால் சுலபத்தில் சாயாது. பூ வைப்பதானால் உள்ளே கண்ணாடிக் குழாய் வையுங்கள், சில ஜாடிகளில் நீர் கசிந்து மேஜையில் கறை படியும். குழிகளில் சேரும் தூசிக்கு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் மென்மையான பல் துலக்கும் பிரஷும் போதும்.