புள்ள வந்து சொன்னா, வாயில வர்ற முதல் கேள்விய முழுங்கிடுங்க

பாலியல் கொடுமை பத்தி நமக்கு இருக்கற தப்பான நினைப்பெல்லாம் முக்கால்வாசி கேள்வியாத்தான் வெளிய வரும். "ஏன் அப்பவே சொல்லல?" "ஏன் கத்தல?" "யாரு, அவரா? சும்மா இரு." பாசமானவங்க வாயில இருந்துதான் இது பொசுக்குன்னு வரும், அந்த ஒரு கேள்விலயே புள்ள வாய மூடிக்கும், அப்புறம் கல்யாணம் ஆகி அதுக்கு ஒரு குழந்தை பொறந்தப்புறம் பேசினாத்தான் உண்டு. அதனால எத கேக்கக்கூடாது, அதுக்குப் பதிலா என்ன செய்யணும்னு எழுதறேன். 18 வயசுக்குக் கீழ இருக்கறவங்கள மனசுல வச்சுதான் சொல்றேன், பெரியவங்களுக்கும் பாதி பொருந்தும்.

முதல்ல, பசங்க யாரும் உக்கார வச்சு விவரமா சொல்லாதுங்க. நீங்க தோசை ஊத்திட்டு இருப்பீங்க, பின்னாடி வந்து நைட்டி நுனிய சுருட்டிக்கிட்டே "அம்மா, நாளைக்கு டியூஷன் போகலம்மா"ங்கும். ஏன்னு கேட்டா வயித்துவலி. ரெண்டு நாள் கழிச்சு "அந்த மாமா ஒரு மாதிரிம்மா"ங்கும், அவ்ளோதான் அது சொல்லும். ஆழம் பாக்குது, நீங்க கோவப்படுவீங்களா மாட்டீங்களான்னு. அந்த இடத்துல அடுப்ப அணைச்சிட்டு கீழ உக்காந்து "சொல்லுடா கண்ணு, அம்மா கேக்கறேன்"னு மட்டும் சொல்லுங்க. "இங்க தொட்டாரா, அங்க தொட்டாரா"ன்னு நீங்களே எடுத்துக் குடுக்காதீங்க, பின்னாடி கோர்ட்ல நீங்க சொல்லிக்குடுத்ததா எதிர்த்தரப்பு வக்கீல் பிடிச்சிக்குவார். "அப்புறம் என்ன ஆச்சு"ன்னு கேட்டா போதும். "நீ சொன்னது நல்லதா போச்சு, உன் மேல எந்தத் தப்பும் இல்ல", இத வாய்விட்டு சொல்லிடணும். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்"னு மட்டும் சத்தியம் பண்ணிடாதீங்க, காப்பாத்த முடியாது.

"அவரா? அவரு அப்படிப்பட்டவர் இல்லையே." இதுதான் இருக்கறதுலயே மோசமான கேள்வி. இருட்டு சந்துல முகம் தெரியாத ஆள்னு நம்ம மனசுல ஒரு படம் ஓடுது, ஆனா தேசிய குற்ற ஆவணக் காப்பகம் கணக்குல வருஷா வருஷம் பாலியல் வன்புணர்வு கேஸ்ல 90 சதவீதத்துக்கு மேல பாதிக்கப்பட்டவங்களுக்குத் தெரிஞ்ச ஆளுங்கதான். சொந்தக்காரர், பக்கத்து வீடு, வாத்தியார், வேன் ஓட்டறவர். நல்ல பேர் எடுத்த ஆளுன்னாத்தான் நாம புள்ளைய நம்பி விட்டுட்டுப் போவோம், அது அவங்களுக்கும் நல்லா தெரியும்.

"ஏன் கத்தல, ஏன் தள்ளிவிட்டுட்டு ஓடல?" பயத்துல ஒடம்பு மரத்துப்போய் நின்னுடும்ங்க, இது இயற்கை. ஸ்வீடன்ல 298 பெண்கள்கிட்ட கேட்டு 2017ல வந்த ஆய்வுல சுமார் 70 சதவீதம் பேர் அந்த நேரத்துல அசையவே முடியாம போச்சுன்னு சொல்லியிருக்காங்க. நம்ம ஊர்லயே 1972ல மதுரான்னு ஒரு பழங்குடிப் பொண்ணு, மகாராஷ்டிரால, போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளயே போலீஸ்காரங்க வன்புணர்வு பண்ணதா புகார், ஒடம்புல காயம் இல்லன்னு சொல்லி உச்ச நீதிமன்றம் போலீஸ்காரங்கள விடுதலை பண்ணிடுச்சு. அதுக்கு நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பினப்புறம்தான் 1983ல சட்டத்தையே திருத்தினாங்க. எதிர்த்துப் போராடலங்கற ஒரே காரணத்த வச்சு சம்மதம்னு எடுத்துக்கக்கூடாதுன்னு இப்போ சட்டத்துலயே எழுதியிருக்கு. போலீஸ், கோர்ட்டே மாறிடுச்சு, நம்ம வீட்டு ஹால்ல உக்காந்திருக்கற பெரியப்பா மாறல.

"ஏன் இவ்ளோ நாள் சொல்லல?" மிரட்டல், வெக்கம், அப்பா அடிப்பாரோங்கற பயம், என்னன்னே புரியாத வயசு, காரணமா இல்ல? லேட்டா புகார் குடுத்ததாலயே கேஸ் பொய்னு ஆகாதுன்னு 1996லயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு.

"பையனுக்கு என்ன ஆகப்போகுது?" எனக்கு எரிச்சல் வர்ற கேள்வி இது. மத்திய அரசு 2007ல 13 மாநிலத்துல 12,447 குழந்தைங்ககிட்ட எடுத்த ஆய்வுல பாதிக்கு மேல ஏதோ ஒரு வகைல பாலியல் தொல்லை அனுபவிச்சதா சொன்னாங்க, அதுல பையனுங்க பொண்ணுங்கள விட கொஞ்சம் அதிகம். குழந்தைங்கள பாலியல் குற்றத்துல இருந்து பாதுகாக்க 2012ல வந்த போக்சோ சட்டத்துல பையன் பொண்ணுன்னு வித்தியாசமே கெடையாது.

சரி, கேட்டாச்சு, இப்போ என்ன செய்யறது. புள்ள சொன்னத அது சொன்ன வார்த்தைலயே தேதி போட்டு ஒரு பேப்பர்ல எழுதி வைங்க, "உச்சா போற எடம்"னு சொன்னா அப்படியே எழுதணும், அழகுபடுத்தாதீங்க. நடந்து 3 நாளுக்குள்ளன்னா ஒடனே ஆஸ்பத்திரி, ஏன்னா எச்ஐவி தடுப்பு மாத்திரை 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், சீக்கிரம் எவ்ளோ முடியுமோ அவ்ளோ நல்லது. போட்டிருந்த துணிய தொவைக்காம நியூஸ்பேப்பர்ல சுத்தி எடுத்துட்டுப் போங்க, பிளாஸ்டிக் கவர் வேணாம், ஈரத்துல கெட்டுடும். குளிப்பாட்டிட்டீங்கன்னா பரவால்ல, இருந்தாலும் போங்க. எஃப்ஐஆர் போட்டுட்டு வான்னு ஆஸ்பத்திரில சொன்னா அது தப்பு, சட்டப்படி தனியார் ஆஸ்பத்திரி கூட எலவசமா வைத்தியம் பாத்தே ஆகணும். பொண்ணுன்னா பெண் டாக்டர்தான் பாக்கணும், நீங்க கூட இருக்கலாம். இருவிரல் சோதனைன்னு (பிறப்புறுப்புல ரெண்டு விரல் விட்டு பாக்கறது) யாராச்சும் ஆரம்பிச்சா வேணாம்னு நிறுத்துங்க, அத செஞ்சாலே ஒழுங்கீனம்னு 2022 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

புகார் எந்த ஸ்டேஷன்லயும் குடுக்கலாம், எங்க எல்லை இல்லன்னு திருப்பி அனுப்ப முடியாது. குழந்தைங்களுக்கான உதவி எண் 1098க்கு போன் பண்ணாலும் சரி. போலீஸ் ஸ்டேஷனுக்குப் புள்ளைய இழுத்துட்டுப் போகணுமேன்னு பலபேர் இங்கதான் பின்வாங்கறாங்க, ஆனா வாக்குமூலம் வீட்லயே வாங்கலாம், முடிஞ்சவரை பெண் எஸ்ஐ, அதுவும் யூனிபார்ம் இல்லாம. ராத்திரி புள்ளைய ஸ்டேஷன்ல வைக்கவே கூடாது.

அப்புறம் சொந்தக்காரங்க வருவாங்க. "குடும்ப மானம் போயிடும், பேசி முடிச்சிக்கலாம், பொண்ணோட வாழ்க்கையப் பாரு." தெரிஞ்சும் புகார் குடுக்காம மறைச்சா அதுவே போக்சோல குற்றம், 6 மாசம் வரை ஜெயிலோ அபராதமோ ரெண்டுமோ கெடைக்கலாம், பள்ளிக்கூட நிர்வாகத்துல பொறுப்புல இருக்கறவங்க மறைச்சா ஒரு வருஷம் வரை. இத அவங்ககிட்ட சொல்லுங்க, முக்காவாசிப் பேர் காபிய குடிச்சிட்டு கெளம்பிடுவாங்க. மானம் பத்தி கவலைன்னா, புள்ள பேரு, போட்டோ, ஸ்கூல் பேரு எதயும் வெளிய விடறதே குற்றம், அதனால குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல "இப்படி ஆகிடுச்சு, வேண்டிக்கோங்க"ன்னு யாராச்சும் போட்டிருந்தா மொதல்ல அத டெலிட் பண்ண வைங்க.