குழல்வாய் ஆற்றல்: சூத்திரம் சரி, போடும் எண்தான் தப்பு

துப்பாக்கிக் குழலை விட்டு வெளியேறும் நொடியில் குண்டுக்கு இருக்கும் ஆற்றல்தான் குழல்வாய் ஆற்றல். மசில் எனர்ஜி என்று எல்லோரும் சொல்லும் இதற்குச் சூத்திரம் பத்தாம் வகுப்புப் பையனுக்கே தெரியும்: எடையில் பாதி, பெருக்கல் வேகத்தின் வர்க்கம். எடை கிலோவில், வேகம் நொடிக்கு மீட்டரில் இருந்தால் விடை ஜூலில் வரும். பாதியை மறப்பது, வர்க்கத்தை மறப்பது எல்லாம் அவசரத்தில் நடப்பவை. இன்னொரு முறை போட்டுப் பார்த்தால் பிடிபட்டுவிடும். பிடிபடாதவை வேறே.

முதலாவது எடை. தோட்டா வேறு, குண்டு வேறு. பித்தளைக் கூடு, மருந்து, பற்றவைக்கும் கேப், நுனியில் குண்டு எல்லாம் சேர்ந்ததுதான் தோட்டா. பறப்பது குண்டு மட்டும். 9 மி.மீ. கைத்துப்பாக்கியில் குண்டு 8 கிராம், முழுத் தோட்டா சுமார் 12 கிராம். நொடிக்கு 360 மீட்டர் வேகத்தில் சரியான விடை 518 ஜூல். தராசில் தோட்டாவை அப்படியே வைத்தவருக்கு 778 வரும். பார்க்க நம்பும்படியான எண் என்பதால் சந்தேகமே வராது.

அடுத்தது 'கிரெயின்'. நம் பக்கம் தங்கம் நிறுக்கக் குன்றிமணி இருந்ததைப்போல, ஆங்கிலேயர்கள் தானிய மணியை வைத்து உண்டாக்கிய எடை இது. ஒரு கிரெயின் 0.0648 கிராம். குண்டு டப்பாவில் கிரெயின் கணக்கில் 8.2 என்று போட்டிருப்பதைக் கிராம் என்று படித்தால் விடை பதினைந்து மடங்கு ஊதிவிடும். காற்றழுத்தத்தால் சுடும் 4.5 மி.மீ. ஏர் ரைஃபிளின் குண்டு 0.53 கிராம், நொடிக்கு 170 மீட்டரில் 7.7 ஜூல். கிராமைக் கிலோவாக மாற்ற மறந்தால் அதுவே 7,700 ஆகும்! ராணுவத்தின் 7.62 மி.மீ. துப்பாக்கியே 3,300 சொச்சம்தான். எடையைக் கிரெயினிலும் வேகத்தை நொடிக்கு அடியிலும் வைத்துக் கணக்குப் போடுபவர்கள், எடையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் கடைசியில் 4,50,437 ஆல் வகுக்க வேண்டும் (சூத்திரத்தின் பாதி இதிலேயே அடக்கம்). வருவது அடி-பவுண்டு என்ற ஆற்றல் அலகில், ஜூல் வேண்டுமென்றால் 1.356 ஆல் பெருக்குங்கள்.

சரி, வேகத்துக்கு வருவோம். உண்மையில் அதிகம் ஏமாற்றுவது இதுதான். வேகம் வர்க்கமாகப் போவதால் அதில் 5 சதவீதம் பிசகினால் ஆற்றலில் 10 சதவீதம் பிசகும். ஏர் ரைஃபிள் பெட்டியில் நொடிக்கு 1,000 அடி, அதாவது 305 மீட்டர் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அந்த வேகம் பெரும்பாலும் 0.34 கிராம் லேசான உலோகக்கலவைக் குண்டுக்கு. அதன் ஆற்றல் 15.8 ஜூல். அதே வேகத்தோடு 0.53 கிராம் ஈயக் குண்டின் எடையைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் 24.7 வரும். இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி ஏர் ரைஃபிள் 20 ஜூலைத் தாண்டினால் உரிமம் வேண்டும். ஆக, தப்புக் கணக்கு போட்டவர் வீணாகப் பதறுகிறார். ஈயக் குண்டைப் போட்டால் வேகம் 240 பக்கம் இறங்கிவிடும், ஆற்றல் பெரிதாக ஏறாது. ஒரு குண்டின் எடையையும் இன்னொரு குண்டின் வேகத்தையும் ஜோடி சேர்க்காதீர்கள்.

குண்டின் வேகத்தை அளக்கும் கருவியான குரோனோகிராஃபில் அளந்தாலும் பத்து முறை சுட்டுச் சராசரி எடுங்கள். அதிகபட்ச எண்ணை மட்டும் எடுத்துப் பெருமை பேசுவது பலருக்குப் பழக்கம். கருவி சில மீட்டர் தள்ளி இருந்தால், குண்டு அதற்குள் கொஞ்சம் வேகம் இழந்திருக்கும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

கருவி இல்லாதவர்கள் கட்டையைத் தொங்கவிட்டுச் சுட்டு அளக்கிறார்கள். 1740-களில் ஆங்கிலேயக் கணித அறிஞர் பெஞ்சமின் ராபின்ஸ் கையாண்ட முறைதான். அங்கே செய்யும் தப்பு, கட்டை எழும்பிய உயரத்தை வைத்து நேராக ஆற்றலைச் சொல்லிவிடுவது. குண்டு கட்டையில் புதையும்போது உந்தம்தான் (எடை பெருக்கல் வேகம்) அப்படியே கடத்தப்படும். ஆற்றலில் பெரும்பங்கு வெப்பமாகவும் நசுங்கலாகவும் போய்விடும். 200 கிராம் கட்டையில் நம் 7.7 ஜூல் குண்டு பாய்ந்தால், கட்டைக்குக் கிடைப்பது வெறும் 0.02 ஜூல். அது எழும்புவது ஒரு சென்டிமீட்டர்தான். உந்தத்தை வைத்து முதலில் குண்டின் வேகத்தைக் கண்டுபிடித்து, அப்புறம் ஆற்றலுக்குப் போக வேண்டும். இல்லையென்றால் நல்ல துப்பாக்கியை ரிப்பேர் என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவீர்கள்.