அஞ்சு அட்டையில் தொடங்கலாம்: குழந்தைக்குத் தமிழ் வாசிக்கவும் பிழையின்றி எழுதவும் பழக்கும் முறை

247 எழுத்தையும் முடித்த பிறகுதான் வார்த்தை என்றால் ஐந்து வயதுக் குழந்தை பாதியிலேயே சலித்துவிடும். கொஞ்சம் எழுத்து, உடனே வார்த்தை என்பதே என் கட்சி. பழைய காலண்டர் அட்டையை வெட்டி, ஸ்கெட்ச் பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ப, ட, ம, ட், ம் என ஐந்து அட்டைகள். இவற்றை மாற்றி மாற்றி அடுக்கினாலே படம், மடம், பட்டம், மட்டம் வந்துவிடும். புள்ளி வைத்த எழுத்தை ‘இம்’, ‘இட்’ என்று சொல்லித்தராதீர்கள். குழந்தை ‘ப-ட-இம்’ என்று கூட்டிவிட்டு முழிக்கும். வாயை மூடி ‘ம்’ என்றாலே போதும்.

படி 2: துணைக்காலைத் தனிச் சீட்டாக வெட்டி நடுவில் செருகுங்கள். படம் பாடமாகும், மடம் மாடமாகும். அப்புறம் க, ல் சேர்த்தால் கல், கால், பல், பால்.

படி 3: கொம்பை மட்டும் தனியாக வெட்ட வேண்டாம். ‘செடி’யில் கொம்பு கண்ணுக்கு முதலில் தெரிகிறது, ஒலியோ பிறகு வருகிறது. அதனால் ‘செ’ முழுவதும் ஒரே அட்டை. உகர வரிசையில் ஒரே குறி கிடையாது. பு, சு, வு ஒரு கூட்டம், து, லு, று இன்னொரு கூட்டம் என்று வடிவம் பார்த்துப் பிரித்துக் கொடுங்கள்.

படி 4: இனி எழுத்துப்பிழை. பெரியவர்களே தடுமாறும் ண, ந, ன சிக்கலில் பாதியை ஜோடி அட்டைகள் தீர்த்துவிடும். ண்ட, ந்த, ன்ற மூன்றையும் பிரிக்காமல் ஒரே அட்டையில் எழுதுங்கள்: வண்டு, பந்து, கன்று. ஒரு சொல்லுக்குள் ட-வுக்கு முன்னால் மூன்று சுழி ண், த-வுக்கு முன்னால் ந், ற-வுக்கு முன்னால் இரண்டு சுழி ன். டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். சங்கு, பஞ்சு, பாம்பு ஆகியவற்றையும் இதே வரிசையில் சேர்க்கலாம். நண்பன், அன்பு போன்றவை இந்த ஜோடிக்குள் வராது. அவற்றைப் பார்த்துப் பழக வேண்டியதுதான்.

ல, ள, ழ-வுக்கு இப்படி எளிய வழி இல்லை, காதுதான் துணை. வீட்டில் நாமே ‘வாளப்பளம்’ என்று பேசிக்கொண்டு குழந்தையைக் குறை சொல்ல முடியாது! வால், வாள், பல்லி, பள்ளி என்று படத்தோடு காட்டுங்கள். ‘மலை பெய்தது’ என்று எழுதினால் எழுதியபடியே வாசித்துக் காட்டுங்கள், அதுவே சிரித்துக்கொண்டு திருத்திவிடும்.

படி 5: சொல்வதை எழுதுதல். தினம் நாலைந்து வார்த்தை போதும். அட்டையைப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லி, கவிழ்த்துவிட்டு எழுதட்டும். பிறகு நிமிர்த்தி தானே ஒப்பிடட்டும். பிழையான வார்த்தையைப் பத்துத் தடவை எழுதச் சொல்ல வேண்டாம். தவறிய எழுத்தை மட்டும் வட்டமிட்டு, அந்த அட்டையை மறுநாள் அட்டைக் கட்டின் மேலாக வையுங்கள்.