மையாக் ஃபுட்பால் சீசன்: புதிதாகப் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துச் சின்னக் கல்லூரிகள் சேர்ந்து நடத்தும் கான்ஃபரன்ஸின், அதாவது விளையாட்டுக் கூட்டமைப்பின், பெயர் மினசோட்டா இன்டர்காலீஜியேட் அத்லெடிக் கான்ஃபரன்ஸ். எல்லோரும் சுருக்கமாக மையாக் என்பார்கள். 1920-இல் தொடங்கியது. செயின்ட் ஜான்ஸ், பெத்தேல், கார்ல்டன், செயின்ட் ஓலஃப், கஸ்டேவஸ் அடோல்ஃபஸ், கான்கார்டியா, ஆக்ஸ்பர்க், ஹேம்லின், மெக்கலெஸ்டர் என்று பல கல்லூரிகள். செப்டம்பரில் ஆரம்பித்து நவம்பர் நடுவில் முடிகிற, 10 ஆட்டங்கள் கொண்ட அமெரிக்கன் ஃபுட்பால் சீசன். டிவியில் ஒஹாயோ ஸ்டேட், மிச்சிகன் போன்ற பெரிய பல்கலைக்கழக அணிகள் மோதுவதைப் பார்த்துப் பழகியவர்கள் இந்தப் பக்கம் வந்தால், அதே அளவுகோலைக் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள். பெரும்பாலான தவறுகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

முதல் தவறு ஸ்காலர்ஷிப் பற்றியது. பிள்ளை ஹைஸ்கூலில் ஃபுட்பால் ஆடுகிற வீடுகளில் இதனால் நிஜமாகவே பணம் போகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மையாக் கல்லூரிகள், கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் மூன்றாம் பிரிவான டிவிஷன் 3-ஐச் சேர்ந்தவை. 1973-இல் உருவான இந்தப் பிரிவில் விளையாட்டுக்கென்று ஒரு டாலர்கூட உதவித்தொகை தரக்கூடாது. படிப்பில் கெட்டிக்காரர்களுக்கு உதவி உண்டு, குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தருகிற உதவியும் உண்டு. ஆனால் அந்தக் கணக்கில் பையன் எவ்வளவு வேகமாக ஓடுகிறான் என்பதைச் சேர்க்கக் கூடாது.

அப்படியானால் பயிற்சியாளர் எதற்காக வீட்டுக்கு ஃபோன் செய்து, கேம்பஸுக்கு அழைத்து, ஜெர்சியை மாட்டிப் படம் எடுத்து அனுப்புகிறார்? பல சின்னக் கல்லூரிகளுக்கு ஃபுட்பால் என்பது மாணவர் சேர்க்கைக்கான வழி. 100 பேர் கொண்ட அணி என்றால், ஃபீஸ் கட்டிப் படிக்கிற 100 மாணவர்கள். டிவி உரிமையில் வருகிற பணம் என்று இங்கே சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடையாது. இதில் மோசடி இல்லை. கல்லூரி பிழைக்க வேண்டும், பையனுக்கு ஆட வேண்டும், இருவருக்கும் அது ஒத்துப்போகிறது. ஆனால் நம் வீடுகளில் கோச் கூப்பிட்டார் என்றதுமே சீட்டும் பணமும் உறுதி என்று நினைத்துவிடுகிறோம். 150 பேர் இருக்கிற அணியிலும் களத்தில் ஒரு நேரத்தில் நிற்பவர்கள் 11 பேர்தான். முதல் ஆண்டு மாணவர்கள் பெரும்பாலும் ஜே.வி. எனப்படும் இரண்டாம் நிலை அணியின் ஆட்டங்களில்தான் இறங்குவார்கள். கோச்சிடம் கேட்க வேண்டிய கேள்விகள்: என் பையன் ஆடும் இடத்துக்கு இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்? அவர்களில் எத்தனை பேர் இந்த ஆண்டு படிப்பு முடித்துப் போகிறார்கள்? உதவித்தொகை பற்றிய கேள்வியைக் கோச்சிடம் கேட்காதீர்கள், கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்திடம் கேளுங்கள். பையன் இரண்டாம் ஆண்டில் ஃபுட்பாலை விட்டுவிட்டாலும் அந்தப் பணம் தொடரும், ஏனென்றால் அது ஆட்டத்துக்காகக் கொடுத்த பணம் இல்லை. இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது முழங்காலில் அடிபட்டுக் கிடக்கிற பையனின் பெற்றோருக்குத்தான் தெரியும்.

அடுத்தது, ஸ்கோரை மட்டும் பார்த்து முடிவுக்கு வருவது. 2017-இல், அப்போது மையாக்கில் இருந்த செயின்ட் தாமஸ் அணி செயின்ட் ஓலஃப் அணியை 97-0 என்று வென்றது. அந்த எண்ணைப் பார்த்த யாருக்கும், ஒன்று செயின்ட் தாமஸ்காரர்களுக்கு ஈவிரக்கமே இல்லை, இல்லையென்றால் செயின்ட் ஓலஃப் பையன்களுக்கு ஆடவே தெரியாது என்றுதான் தோன்றும். அந்த ஸ்கோருக்குப் பின்னால் இருந்தது வேறு சங்கதி. செயின்ட் தாமஸில் இளநிலை மாணவர்களே 6,000-க்கும் மேல். கார்ல்டன், மெக்கலெஸ்டர் போன்ற கல்லூரிகளில் மொத்தமே சுமார் 2,000 பேர். வளர்ந்துகொண்டே போகிற ஒரு பல்கலைக்கழகத்தையும் சின்னக் கல்லூரிகளையும் ஒரே பட்டியலில் வைத்திருந்தார்கள். ஸ்காலர்ஷிப் இல்லை என்பதால் மட்டும் எல்லோரும் சமம் ஆகிவிடவில்லை.

2019 மே மாதம், செயின்ட் தாமஸைக் கான்ஃபரன்ஸை விட்டு வெளியேற்றுவதாக அறிவித்தார்கள். போட்டியில் சமநிலை இல்லை என்பதே சொன்ன காரணம். 1920-இல் மையாக்கைத் தொடங்கிய கல்லூரிகளில் செயின்ட் தாமஸும் ஒன்று என்பதை நினைத்துப் பாருங்கள். அதன்பிறகு நடந்தது இன்னும் ஆச்சரியம்: டிவிஷன் 3-இலிருந்து, இடையில் எங்கும் நிற்காமல், 2021-இல் நேராக மேல்மட்டப் பிரிவான டிவிஷன் 1-க்குப் போனார்கள். நவீன காலத்தில் வேறெந்தக் கல்லூரியும் அப்படிப் போனதில்லை. அந்த வெளியேற்றம் சரியா என்று இன்றைக்கும் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு அணி நன்றாக ஆடியதற்காகத் தண்டித்தார்கள் என்பது ஒரு கட்சி. என் கருத்து வேறு: பிரிந்தது இரு தரப்புக்கும் நல்லது, ஆனால் பிரித்த விதம் நன்றாக இல்லை. எப்படியானாலும் 97-0 என்பதை ஆட்டக்காரர்களின் குணமாகப் படிக்காதீர்கள். அது இரண்டு கல்லூரிகளின் அளவு வித்தியாசம்.

அதேபோல, பட்டியலின் அடியில் இருக்கிற அணியை ஒதுக்கிவிட்டுப் பார்க்கிறவர்கள் சீசனில் பாதியை இழக்கிறார்கள். மெக்கலெஸ்டர் 1974 முதல் 1980 வரை தொடர்ந்து 50 ஆட்டங்களில் தோற்றது. 1980 செப்டம்பரில், கடைசி நொடிகளில் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து அடித்த ஃபீல்ட் கோலால் 17-14 என்று ஜெயித்து அந்தத் தொடரை முடித்தார்கள். அந்த அணி 2001 சீசனுக்குப் பிறகு ஃபுட்பாலில் மட்டும் மையாக்கை விட்டு விலகி, 2021-இல் திரும்பி வந்தது. தோற்கும் அணி ஏன் ஆடிக்கொண்டே இருக்கிறது, ஏன் விலகுகிறது, ஏன் திரும்பி வருகிறது என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் இந்தக் கான்ஃபரன்ஸ் பிடிபடும்.

சரி, புள்ளிப் பட்டியலுக்கு வருவோம். போன ஆண்டு விதிதான் இந்த ஆண்டும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். செயின்ட் தாமஸ் போய், செயின்ட் ஸ்கோலாஸ்டிகா வந்த 2021-இல், 10 அணிகளையும் ஸ்கைலைன், நார்த்வுட்ஸ் என்று ஐந்து ஐந்தாகப் பிரித்தார்கள். கடைசி வாரத்தில் இரண்டு பிரிவிலும் முதலிடம் பிடித்தவர்கள் சாம்பியன் பட்டத்துக்காக மோதுவது என்று ஏற்பாடு. அதற்கு முன்பு அந்த வழக்கம் இல்லை, மொத்தப் பட்டியலில் மேலே இருப்பவர்தான் சாம்பியன். ஆகஸ்டில் அட்டவணை வெளிவரும்போதே அந்த ஆண்டுக்கான முறை என்ன, சமநிலை வந்தால் எப்படிப் பிரிப்பார்கள் என்று ஒருமுறை படித்துவிடுங்கள். கூடவே இன்னொன்று: சீசனின் ஆரம்பத்தில் வரும் கான்ஃபரன்ஸுக்கு வெளியிலான ஆட்டங்கள் மையாக் பட்டத்துக்குக் கணக்கில் வராது. 2-0 (இரண்டு வெற்றி, தோல்வி இல்லை) என்று தொடங்கிய அணி என்று பெருமையாகச் சொல்வார்கள், ஆனால் பட்டத்துக்கான பட்டியலில் அது 0-0 என்றே நிற்கும்.

அதற்காக அந்த ஆட்டங்கள் வீண் என்று நினைப்பதும் தவறுதான். சீசன் முடிந்ததும் நடக்கும் தேசிய நாக்-அவுட் போட்டியான பிளே-ஆஃபுக்குப் போக இரண்டு வழிகள் இருக்கின்றன. கான்ஃபரன்ஸ் சாம்பியனுக்கு இடம் தானாகவே கிடைக்கும். மற்றவர்கள் மிச்சமுள்ள இடங்களுக்காக நாடு முழுவதும் உள்ள அணிகளோடு போட்டி போட வேண்டும். 2023 வரை 32 அணிகள், 2024-இலிருந்து 40. அதே 2024-இல் தேர்வு முறையும் மாறியது. கமிட்டி கூடிப் பேசி எடை போட்ட காலம் போய், என்.பி.ஐ. என்ற கணக்கீட்டு முறை வந்தது. யாரை வென்றாய், அவர்கள் எவ்வளவு வலுவானவர்கள் என்பதெல்லாம் அதில் சேரும். செப்டம்பரில் பக்கத்து மாநிலமான விஸ்கான்சினின் வலுவான சின்னக் கல்லூரி அணி ஒன்றைத் தேடிப்போய் மோதுகிற மையாக் அணிக்கு, நவம்பரில் அந்த ஆட்டம் கைகொடுக்கலாம். மையாக்கில் இரண்டாம் இடம் பிடித்த அணியின் ரசிகர் கடைசி ஞாயிற்றுக்கிழமை நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இதனால்தான். டாப் 25 பட்டியலில் 15-ஆவது இடத்தில் இருக்கிறோம், எப்படியும் கூப்பிடுவார்கள் என்று நம்பி ஏமாறுகிறவர்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு. அந்தப் பட்டியல் ஓட்டுப் போட்டு எடுப்பது. தேர்வுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

பயிற்சியாளர்களைப் பற்றியும் ஒரு தப்பெண்ணம் இருக்கிறது: சின்னக் கல்லூரி கோச் என்றால் பெரிய இடம் கிடைக்காதவர் என்று. ஜான் கலார்டி 1953-இல் காலேஜ்வில்லில் உள்ள செயின்ட் ஜான்ஸுக்கு வந்தார், 2012 வரை அங்கேயே இருந்தார். மொத்தம் 489 வெற்றிகள். கல்லூரி ஃபுட்பால் வரலாற்றிலேயே அவ்வளவு வெற்றி பெற்ற கோச் வேறு யாரும் இல்லை. அவருடைய பயிற்சியில் ஆளைப் பிடித்துக் கீழே தள்ளும் டாக்கிள் கிடையாது, விசில் கிடையாது, மாணவர்கள் அவரைக் கோச் என்று கூப்பிடவும் கூடாது, ஜான் என்றே கூப்பிட வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பயிற்சியை இழுக்க மாட்டார். பையன்கள் புல்லில் மல்லாந்து படுத்து, இன்றைக்கு நாள் எவ்வளவு அழகாக இருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும். அதையும் ஒரு பயிற்சியாகவே வைத்திருந்தார். விளையாட்டாகப் போய்விட்டார்களோ என்று நினைக்க வேண்டாம். 2003 டிசம்பரில் தேசிய இறுதி ஆட்டமான ஸ்டாக் பவுலில், தொடர்ந்து 55 ஆட்டங்கள் தோற்காமல் வந்த ஒஹாயோவின் மவுண்ட் யூனியனை 24-6 என்று சாய்த்தது இதே அணிதான். டிவிஷன் 3-இன் சிறந்த ஆட்டக்காரருக்கு ஆண்டுதோறும் தரும் விருதும் அவர் பெயரில்தான் இருக்கிறது, அதற்குப் படிப்பையும் பொதுத்தொண்டையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்கில் ஆடும் கனவை வைத்து இந்த சீசனைப் பார்ப்பதும் ஏமாற்றத்தில் முடியும். போகவே முடியாது என்று சொல்லவில்லை. செயின்ட் ஜான்ஸின் பென் பார்ட்ச் டைட் எண்ட் என்ற இடத்தில் ஆட வந்து, உடம்பை ஏற்றி, முன்வரிசையில் எதிரணியைத் தடுக்கிற டாக்கிள் என்ற இடத்துக்கு மாறி, 2020 டிராஃப்டில் (என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) நான்காம் சுற்றில் ஜாக்சன்வில் அணிக்குப் போனார். முட்டை, காட்டேஜ் சீஸ், கடலை வெண்ணெய், வாழைப்பழம் எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டு அவர் குடித்த கலவை அப்போது பெரிய செய்தியானது. ஆனால் அது அவ்வளவு பெரிய செய்தியானதே, அப்படிப் போகிறவர்கள் அபூர்வம் என்பதால்தான். களத்தில் இருக்கும் மற்றவர்கள் ஆசிரியராக, நர்ஸாக, என்ஜினியராகப் போகிறவர்கள். திங்கட்கிழமை காலை லேப் வகுப்பு இருக்கிறது என்று தெரிந்தே சனிக்கிழமை முழு மூச்சாக ஆடுகிறார்கள். எனக்கு இந்த ஆட்டத்தின் மேல் இவ்வளவு மரியாதை வந்ததற்கு அதுதான் காரணம்.

பட்டத்துக்குச் சம்பந்தமில்லாத ஆட்டம் என்று எதையும் ஒதுக்காதீர்கள். நார்த்ஃபீல்ட் என்ற ஒரே ஊரில் கார்ல்டனும் செயின்ட் ஓலஃபும் இருக்கின்றன. இருவருக்கும் நடுவில் மரத்தில் செதுக்கிய ஆட்டுச் சிலை ஒன்று கோப்பை, ஜெயித்தவர்கள் எடுத்துப்போவார்கள். ஊர் நடுவில் இருக்கும் உள்நாட்டுப் போர் நினைவுச் சின்னத்தின் கழுகை, வென்ற கல்லூரியின் பக்கம் திருப்பி வைக்கிற வழக்கமும் உண்டு. 1977-இல் இவர்கள் யார்டுக்குப் பதில் மீட்டரில் கோடு போட்டு, 100 மீட்டர் மைதானத்தில் ஆடினார்கள்; செயின்ட் ஓலஃப் 43-0 என்று ஜெயித்தது. இரண்டு அணியும் பட்டியலின் நடுவில் கிடக்கிற ஆண்டிலும் இந்த ஆட்டத்துக்குக் கூட்டம் குறையாது. சின்னக் கல்லூரி ஆட்டத்துக்கு யார் வருவார்கள் என்று கேட்பவர்களுக்கு இன்னொரு எண்: 2017-இல் மினியாபொலிஸின் டார்கெட் ஃபீல்டில் செயின்ட் தாமஸும் செயின்ட் ஜான்ஸும் மோதியபோது வந்தவர்கள் 37,355 பேர். டிவிஷன் 3-இல் அது சாதனை.

அப்புறம், நேரில் போகிறவர்களுக்கு. செப்டம்பரில் டி-ஷர்ட்டோடு பார்த்த அதே மைதானத்துக்கு நவம்பரில் ஸ்வெட்டர் மட்டும் போட்டுப் போகாதீர்கள். மூன்று மணி நேரம் அலுமினிய பெஞ்சில் உட்கார வேண்டும். காலுக்கும் உட்காரும் இடத்துக்கும்தான் பாதுகாப்பு தேவை, கம்பளி ஒன்று கட்டாயம். அணி பிளே-ஆஃபுக்குப் போனால் ஆரம்பச் சுற்றுகள் ஏதாவது ஒரு கல்லூரியின் சொந்த மைதானத்திலேயே நடக்கும். விமானச் செலவைக் குறைப்பதற்காக, பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில் உள்ள அணிகளைச் சேர்த்துப் போடப் பார்ப்பார்கள். அதனால் மினசோட்டா அணிக்கு விஸ்கான்சின் அணி சீக்கிரமே எதிரே வந்து நின்றால், தரவரிசையில் நம்மைக் கீழே தள்ளிவிட்டார்கள் என்று கோபப்பட வேண்டாம். இரண்டாம் சுற்று பெரும்பாலும் நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு அடுத்த சனிக்கிழமை வரும். மாணவர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள், கேலரி காலியாகக் கிடக்கும், அந்த சீசனின் மிக முக்கியமான ஆட்டம் அன்றைக்குத்தான் இருக்கும். அந்த வார இறுதிக்கு வேறு திட்டம் போடும் முன் அட்டவணையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.