பர்மா முனையின் ஹரிக்கேன்: செட்டிநாட்டு வீட்டில் ஒரு போர்விமான மாடல் கட்டுவது எப்படி

இரண்டாம் உலகப்போர் விமான மாடல் கட்ட ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் ஸ்பிட்ஃபயர் பெட்டியைத்தான் முதலில் தூக்குகிறார்கள், அதுவும் 1940-இல் இங்கிலாந்து வானத்தில் பறந்த வண்ணத்தில். அழகான விமானம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் உட்கார்ந்து கட்டுகிறவருக்கு நான் சொல்வது ஹாக்கர் ஹரிக்கேன், அதிலும் பர்மா முனையில் பறந்த ஹரிக்கேன் மார்க் 2சி. 1941 டிசம்பர் 23-ஆம் தேதி ரங்கூனில் ஜப்பானியக் குண்டு விழுந்தது, 1942 மார்ச் 8-இல் ஊரே அவர்கள் கைக்குப் போனது. இடைப்பட்ட அந்த மாதங்களில், கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்யப் போயிருந்த நம்ம ஊர்க்காரர்கள் கப்பல் கிடைத்தவர்கள் கப்பலிலும் கிடைக்காதவர்கள் காட்டு வழியே நடந்தும் திரும்பினார்கள். அந்தப் பர்மா வானத்தில் பறந்த விமானம் இது. 1944-இல் இம்பால் முற்றுகைக்குள் இருந்தபோது இந்திய விமானப்படையின் 1-ஆம் ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு) ஹரிக்கேனைத்தான் ஓட்டியது, தலைவர் அர்ஜன் சிங், பின்னாளில் விமானப்படை மார்ஷல் ஆனவர். செட்டிநாடு கால்நடைப் பண்ணையை ஒட்டி அதே போர்க்காலத்து ஓடுதளம் இன்னும் கிடக்கிறது. இவ்வளவும் பக்கத்தில் இருக்கும்போது எங்கேயோ இருக்கிற டோவர் கடற்கரைக்கு ஏன் போக வேண்டும்?

முதலில் அளவு. நிஜ ஹரிக்கேனின் இறக்கை விரிப்பு 12.19 மீட்டர். 1/72 அளவில், அதாவது நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்காக, அது 17 சென்டிமீட்டர் வரும், 1/48-இல் 25 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. நுணுக்கம் வேண்டும் என்று இறங்குகிறவர்கள் 1/48-ஐயே எடுங்கள், காக்பிட்டுக்குள், அதாவது விமானி உட்காரும் அறைக்குள் செய்கிற வேலை வெளியே தெரியும். ஹாசெகாவா, ஆர்மா ஹாபி இரண்டு கம்பெனிகளுமே 2சி போட்டிருக்கிறார்கள். கிட், அதாவது பாகங்கள் அடங்கிய பெட்டி, நம்ம ஊர்க் கடையில் கிடைக்காது, ஆன்லைனில்தான் வரவழைக்க வேண்டும். பசையும் பெயின்டும் சேர்த்தே ஆர்டர் போட்டுவிடுங்கள், பாதி வேலையில் ஒரு பாட்டிலுக்காகக் காத்திருப்பது மாதிரி எரிச்சல் வேறில்லை.

பெட்டி வருவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, என் கணக்கில் அதுதான் பாதி மாடல். ஒரே ஒரு விமானத்தின் புகைப்படத்தைத் தேடிப் பிடியுங்கள். "ஹரிக்கேன்" என்று பொதுவாகக் கட்டாதீர்கள், இந்த ஸ்குவாட்ரனில் இந்த எழுத்து போட்ட இந்த விமானம் என்று ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் கட்டும்போது வருகிற நூறு கேள்விக்கும் பதில் அந்தப் படத்தில்தான் இருக்கும். உதாரணத்துக்கு, 2சி என்றால் இறக்கைக்கு இரண்டாக நான்கு 20 மில்லிமீட்டர் ஹிஸ்பானோ பீரங்கி. ஆனால் வேவு பார்க்கப் போன ஹரிக்கேன்களில் எடை குறைக்க இரண்டைக் கழற்றிவிட்டுப் பறந்தவையும் உண்டு. மூக்குக்குக் கீழே தூசி வடிகட்டிக்காகப் புடைத்த பெரிய தாடை இருக்கிறதா? காக்பிட்டுக்குப் பின்னால் நிற்கிற ரேடியோக் கம்பத்திலிருந்து வாலுக்கு ஏரியல் கம்பி ஓடுகிறதா, இல்லை வெறும் கம்பம் மட்டும் நிற்கிறதா? படத்தைப் பார்க்காமல் இதற்கெல்லாம் பதில் சொல்ல முடியாது.

சரி, வேலைக்கு வருவோம். பாகங்கள் கோத்திருக்கும் சட்டங்களைப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவையுங்கள், அச்சிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த எண்ணெய்ப் பிசுக்கு போகாவிட்டால் பெயின்ட் பிடிக்காது. பாகத்தை முறுக்கிப் பிய்க்காமல் சைடு கட்டரால் கொஞ்சம் தள்ளி வெட்டி, மிச்சத்தைப் பிளேடால் சீவி உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். உட்காரும் இடம் வளவை (வீட்டு நடு முற்றத்தை) சுற்றி ஓடும் தாழ்வாரமாக இருந்தால் ரொம்ப நல்லது, முற்றத்து வெளிச்சம் நிழல் விழாமல் கிடைக்கும். ஆனால் பெயின்ட் அடிக்க அந்த இடம் ஆகாது, காற்று வந்தால் செம்மண் தூசி முழுக்க ஈரப் பெயின்ட்மேல்தான் உட்காரும். அதற்கு ஜன்னல் உள்ள ஒரு அறையை ஒதுக்கி, தரையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஜன்னல் பக்கமாகப் பார்த்து, முகமூடி போட்டுக்கொண்டு அடியுங்கள்.

காக்பிட்டில்தான் ஹரிக்கேனின் குணம் தெரியும். இந்த விமானத்துக்குக் காக்பிட்டில் தரை கிடையாது. விமானியின் கால் வைக்க இரண்டு தடம் மட்டும் இருக்கும், அதற்குக் கீழே குழாய்ச் சட்டமும் இருட்டும்தான். 1935 நவம்பரில் முதலில் பறந்தபோதே சிட்னி காம் இதைப் பழைய இரட்டை இறக்கை விமானங்களின் பாணியில், உலோகக் குழாய்ச் சட்டத்தின் மேல் மரச் சலாகை வைத்துத் துணி போர்த்திய உடலாகத்தான் வடிவமைத்திருந்தார். அதனால் குழாய்களை அலுமினிய வெள்ளியில் அடியுங்கள், பக்கத் தகடுகளுக்குச் சாம்பல் கலந்த வெளிர்ப்பச்சை. இருக்கைப் பட்டையைக் கிட்டில் அச்சடித்தபடி விடாமல் மாஸ்கிங் டேப்பை ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்தில் நறுக்கி மடித்துப் போட்டால் நிஜத் துணிப்பட்டை தொய்ந்து கிடப்பது தெரியும். மேலே கருப்பும் பழுப்பும் கலந்த ஆயில் பெயின்டைத் தண்ணியாகக் கரைத்து மூலைகளில் ஓடவிட்டு, மேட்டுப் பகுதிகளில் மட்டும் காய்ந்த பிரஷால் வெளிர் நிறத்தைத் தடவுங்கள். மூடியபிறகு இதில் பாதிதான் தெரியும், ஆனால் அந்தப் பாதிக்காக முழுவதும் செய்தே ஆக வேண்டும்.

உடலின் இரு பாதிகளையும் ஒட்டுவதற்கு முன் பசை இல்லாமல் பொருத்திப் பாருங்கள், திரும்பத் திரும்பப் பாருங்கள். நீர்த்த பசை, டாமியா எக்ஸ்ட்ரா தின் போன்றது, இடுக்கில் பிரஷ் நுனியை வைத்தால் தானே உள்ளே ஓடிவிடும். அது பிளாஸ்டிக்கையே உருக்கிச் சேர்ப்பதால் விரலை இணைப்பின் மேல் வைத்துக்கொண்டு பசை விடாதீர்கள், ரேகை அப்படியே பதிந்துவிடும். ஹரிக்கேன் இறக்கையில் உடலை ஒட்டிய நடுப்பகுதி மட்டமாகவும் அதற்கு வெளியேதான் மேல்நோக்கிய சாய்வும் இருக்கும். ஆத்தங்குடிக் கல் சமமாகப் பதித்த தரைமேல் ஒரு கண்ணாடித் தகட்டை வைத்து, அதில் மாடலை நிறுத்தி, இரண்டு இறக்கை நுனியின் உயரத்தையும் ஸ்கேலால் அளந்து ஒன்றாக்கிவிட்டுத்தான் பசை காய விட வேண்டும்.

இடைவெளி விழுந்தால் கார் பெயின்டிங் பட்டறைகளில் பயன்படுத்துகிற என்.சி. பட்டியே போதும், மெல்லிசாகத் தடவிக் காயவிட்டுத் தேய்க்கலாம். அதோடு சேர்த்துக் கொடுக்கிற தின்னரை மட்டும் பிளாஸ்டிக் பக்கமே கொண்டுபோகாதீர்கள், தின்றுவிடும். உப்புத்தாள் 400-இல் தொடங்கி 600, 1000, 2000 என்று தண்ணீர் தொட்டுத் தேய்த்துக்கொண்டே போங்கள். ஒரு எச்சரிக்கை. காக்பிட்டுக்குப் பின்னால் உடலில் வரிவரியாக லேசாகப் புடைத்துத் தெரிவது துணிக்கு அடியில் இருக்கும் மரச் சலாகைகள். இணைப்பைத் தேய்க்கும் வேகத்தில் அதை மழுக்கிவிட்டால் ஹரிக்கேன் ஹரிக்கேனாக இருக்காது. இருபுறமும் டேப் ஒட்டி, நடுவில் மட்டும் தேயுங்கள்.

பீரங்கிக் குழலுக்குக் கிட்டில் வருகிற பிளாஸ்டிக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு மருந்துக் கடையில் 22 கேஜ் ஊசி வாங்குங்கள். அதன் வெளி விட்டம் ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர், உள் துளை 0.4. இருபதை நாற்பத்தெட்டால் வகுத்தால் 0.417 வருகிறது, ஆக நிஜப் பீரங்கியின் வாய் அளவே கிடைத்துவிடுகிறது. கூர் நுனியைச் சிறிய அரத்தால் ராவி எடுத்துவிட்டு வெட்டுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

பெயின்டில் நம்ம ஊர் வெயில்தான் பெரிய விஷயம். பங்குனி தொடங்கி ஆனி வரை மதியத்தில் அக்ரிலிக் அடித்தால் ஏர்பிரஷை விட்டுக் கிளம்பிய துளி மாடலைத் தொடுவதற்குள் காய்ந்து, மேற்பரப்பு உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். விடியற்காலையில் அடியுங்கள், தின்னர் விகிதத்தைக் கூட்டி, உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டரை இரண்டு சொட்டு விடுங்கள். ஐப்பசி கார்த்திகையில் பிரச்சினை வேறு, ஈரக்காற்றில் லேக்கர் வெளுத்துப் பால் படிந்துவிடும், மழை விட்ட நாளுக்குக் காத்திருங்கள். எந்தக் காலமானாலும் ஒரே பூச்சில் மூட நினைக்க வேண்டாம். நம் பழைய வீட்டுச் சுவர்களுக்குக் கொத்தனார்கள் சுண்ணாம்பை மெல்லிய மெல்லிய பூச்சாக ஏற்றி, கடைசியில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகிட்டார்களே, அந்தப் பொறுமைதான் இங்கேயும் வேண்டும்.

மேலே டார்க் எர்த், டார்க் கிரீன் இரண்டும், அடியில் மீடியம் சீ கிரே. டாமியாவில் எக்ஸ்.எஃப்-52, எக்ஸ்.எஃப்-81, எக்ஸ்.எஃப்-83 எடுத்தால் கிட்டத்தட்ட வந்துவிடும். பழுப்பை முழுக்க அடித்துவிட்டு, பச்சையின் எல்லைக்கு ப்ளூ-டாக்கை (சுவரில் படம் ஒட்டுகிற, பிசைந்து உருட்டக்கூடிய ஒட்டுப்பொருள்) மெல்லிய கயிறாக உருட்டி ஒட்டி உள்பக்கத்தை மறைத்து அடித்தால் ஓரம் லேசாக மட்டும் மங்கி நிஜம் போல வரும். பிள்ளைகளின் களிமண் க்ளேயை வைக்காதீர்கள், எண்ணெய் இறங்கும்.

அடுத்து அடையாள வட்டம், இங்கேதான் நம் விமானம் ஐரோப்பிய விமானத்திலிருந்து பிரிகிறது. சிவப்பு வட்டம் ஜப்பான் விமானத்தின் சின்னம் என்பதால், நம்மவர்களே தவறாகச் சுட்டுவிடக் கூடாதென்று, இந்த முனையில் நடுச்சிவப்பை எடுத்துவிட்டு அடர்நீலத்துக்குள் வெளிர்நீலம் என்று ஆக்கிவிட்டார்கள். பல கிட்டுகளில் இங்கிலாந்து வண்ண டெக்கால்தான் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னப் படங்கள்) வரும். வட்டம் வெட்டும் காம்பஸ் கட்டரால் டேப்பில் மாஸ்க் வெட்டி முதலில் வெளிர்நீலம், அதன் நடுவை மூடிவிட்டு அடர்நீலம் என்று அடித்துவிடுவதே மேல், டெக்கால் போல் விளிம்பு தூக்காது. வாலுக்கு முன்னால் வருகிற வெளிர்ப் பட்டையையும் இறக்கை முன்விளிம்பின் மஞ்சளையும் கிட் குறிப்பைப் பார்த்துப் பழக்கத்தில் அடித்துவிடாதீர்கள், அவை ஐரோப்பிய முனைக்கானவை. எழுத்துகளுக்கு டெக்கால் பயன்படுத்தினால் முதலில் பளபளப்பு வார்னிஷ், பிறகு வெதுவெதுப்பான தண்ணீர், அது படியப் போடுகிற மைக்ரோ செட், மைக்ரோ சோல் திரவங்கள், அவ்வளவுதான்.

பழசாக்குவதில் பலரும் வெள்ளிப் பெயின்டைக் கண்ட இடத்தில் தெளித்துவிடுகிறார்கள். ஹரிக்கேனின் பின்னுடல் துணி, சுக்கானும் துணி, துணியைச் சுரண்டினால் அலுமினியம் எப்படித் தெரியும்? இன்ஜின் மூடித் தகடுகள், பீரங்கி மூடிகள், உடலோடு சேரும் இடத்தில் இறக்கையின் மேற்பரப்பு, இவ்வளவில் மட்டும் நுண்ணிய பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுங்கள். அதிலும் இடது இறக்கையில் அந்த இடத்தில் அதிகம் வேண்டும், விமானி ஏறியது அந்தப் பக்கம்தான். புகைபோக்கியிலிருந்து காக்பிட்டுக்குக் கீழ் வரை கருப்பை மெல்ல ஊதி, நடுவில் வெளிர்ச் சாம்பல் கொஞ்சம். இறக்கைக்கு அடியில் தோட்டாக் கூடு விழும் துளைகளுக்குப் பின்னால் கரிக்கோடு.

தூசிக்கு வெளிநாட்டுப் பிக்மென்ட் பாட்டில் வாங்கத் தேவையில்லை. தரைக்குப் போடுகிற ரெட் ஆக்சைடு, மஞ்சள், கருப்பு ஆக்சைடு பொடிகள் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், மிக நைசான இரும்பு ஆக்சைடுதான் அவை. மஞ்சளோடு துளி சிவப்பும் துளி கருப்பும் சேர்த்து முகப்பவுடரால் வெளிறச் செய்து, சக்கரத்திலும் வயிற்றுப் பக்கத்திலும் மென்பிரஷால் தொடுங்கள். வாசல் செம்மண்ணை அள்ளிச் சலித்துப் போட ஆசை வரும், ஆனால் எவ்வளவு சலித்தாலும் 1/48-இல் அந்த மணல் கூழாங்கல்லாகத் தெரியும்.

இதெல்லாம் முடிந்தபின் முழுவதும் மேட் வார்னிஷ். அப்புறம்தான் காக்பிட்டின் கண்ணாடி மூடியில் பெயின்ட் படாமல் ஒட்டியிருந்த மாஸ்க்கை உரிக்க வேண்டும். மூடியை ஒட்ட ஃபெவிகால் போதும், இன்ஸ்டன்ட் பசையின் ஆவி கண்ணாடியை மூடுபனியாக்கிவிடும். படத்தில் ஏரியல் கம்பி இருந்தால் மிச்சச் சட்டத் துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே காட்டி, இளகியதும் வெளியே எடுத்து இரு கையாலும் நிதானமாக இழுங்கள், தலைமுடி அளவு இழை வரும்.

வைக்கிற இடம் கண்ணாடி பீரோவாக இருக்கட்டும், மேற்கு வெயில் படாத சுவரில். புரொப்பெல்லரை ஒட்டாமல் செருகி மட்டும் வையுங்கள், தூசி துடைக்கிறபோது முதலில் கழற்றிவிடலாம், இறகு உடையாது.