பெண்கள் சிறை உறவுகளைப் பேட்டி எடுக்கும்போது கேட்க வேண்டியதும் கேட்கக் கூடாததும்

"நீங்கள் லெஸ்பியனா?" என்று தொடங்கினால் பேட்டி அங்கேயே முடிந்துவிடும். சமூகப்பணி, குற்றவியல் மாணவர்கள் அதிகம் சறுக்குவது இதில்தான். உள்ளே இருக்கும் உறவுகள் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்காது.

முதலில் அங்கத்திய சொற்களைப் பழகுங்கள். மேற்கு வர்ஜீனியாவில் உள்ள ஆல்டர்சன் பெண்கள் சிறை பற்றி ரோஸ் ஜியாலம்பார்டோ 1966-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல பாடம். அங்கே முடியைக் குட்டையாக வெட்டி ஆணைப்போல நடந்துகொள்பவர் 'ஸ்டட்', அவருடைய இணை 'ஃபெம்'. வெளியிலேயே பெண்களை விரும்பியவரைத்தான் லெஸ்பியன் என்றார்கள். உள்ளே வந்தபின் இணை தேடியவருக்குப் பெயர் 'பெனிடென்ஷரி டர்ன்அவுட்'. ஸ்டட்டாக இருந்தவர் ஃபெம் ஆகிவிட்டால், 'பெல்ட்டைக் கழற்றிவிட்டாள்' என்று பேச்சு.

ஆகவே குறிப்பேட்டில் நான்கு பத்திகள் போடுங்கள்: சிறைக்கு முன், இப்போது, எப்போதிலிருந்து, தனக்கு அவரே வைத்துக்கொள்ளும் பெயர். நான்காவதை நீங்களாக நிரப்பாதீர்கள். ஸ்டட் எல்லாரும் திருநம்பி அல்ல. ஸ்டட்டைத் தோழிகள் ஆண்பாலில் சொல்வது வழக்கம். பதிவில் 'அவன்' என்று வந்தால் பிழை என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள். உங்கள் சொந்த வாக்கியங்களுக்கு நம் 'அவர்' இருக்கிறது, கவலையில்லை.

அடுத்து காசு. "யாரைப் பிடிக்கும்?" என்பதைவிட "சிறைக் கடையில் சாமான் யார் வாங்கித் தருவது? துணி யார் துவைப்பது?" என்று கேட்டால் பேச்சு தானாக வரும். ஆல்டர்சனில் கைதிகள் தனித்தனிக் குடில்களில் இருந்தார்கள். 'கமிசரி ஹஸ்லர்' என்ற வகை ஸ்டட், தன் குடிலில் ஒருத்தியோடு அன்பாக இருந்துகொண்டே, வேறு குடில்களில் கடைச் சாமானுக்காகச் சிலரைப் பிடித்து வைத்திருப்பார். ஜோடியை மட்டும் எண்ணிக்கொண்டு போனால் இந்தக் கணக்கு கண்ணில் படாது.

அம்மா, அப்பா, அக்கா என்று முறை சொல்லும் சிறைக் 'குடும்பங்கள்' வேறு. அவற்றில் பெரும்பகுதி பாலுறவு இல்லாத பாசம்தான். யாருக்கு யார் என்ன உறவு என்று வரையும் படத்தில் முறைக்குப் புள்ளிக்கோடு, இணைக்கு முழுக்கோடு என்று பிரித்துப் போடுங்கள்.

ஜோடியில் இருவரையும் சேர்த்து உட்கார வைக்காதீர்கள். ஒருத்தி பேச, மற்றவள் தலையாட்டுவாள். மிரட்டல் இருந்தால் அது தனியே கேட்டால்தான் வெளிவரும். அப்படி வந்தால் நீங்கள் யாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்பதைப் பேட்டிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். காவலரோடு உறவு என்றால் சம்மதம் என்ற பேச்சே கிடையாது.

கைதியின் பெயர், அறை எண், தேதி மூன்றையும் எழுதாதீர்கள். அமெரிக்க மத்தியச் சிறைகளில் சம்மதத்தோடு நடக்கும் பாலுறவும் 205-ஆம் எண் ஒழுங்குமீறல்தான். உங்கள் தாள் அதிகாரி கையில் சிக்கினால் தண்டனை பேட்டி கொடுத்தவருக்கு.

ஸ்டட், ஃபெம் என்ற பெயர்களைக் கொண்டுபோய்ப் புழலில் ஒட்டாதீர்கள். அங்கே என்ன சொல்கிறார்களோ அதையே, கொச்சையாக இருந்தாலும், எழுத்து மாறாமல் குறித்துக்கொள்ளுங்கள்.